பழமரமும் பட்டாவும்

நம் மலாயாத் தமிழ் நாவல்களைப் படித்து முடித்தால் நெஞ்சில் நிற்பவை பால்மரமும் கண்ணீருந்தாம். கா. பெருமாளின் ‘துயரப் பாதை’, அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் பெயர்களே அதற்குச் சான்று. அது குற்றமன்று. ஆனால் லயத்தின் பின்னே கட்டியிருந்த பசுவும் ஆடும் நம் கதைகளில் பெரும்பாலும் வெறும் அலங்காரமாய் நிற்பதேன்?

புக்கிட் தெங்காவையே எடுத்துக்கொள்வோம். 1800-இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற செபராங் பிறை மண் அது. முன்பு கரும்பும் பின்பு ரப்பரும் விளைந்த வட்டாரம். இன்று அங்கே தொழிற்பேட்டை எழுந்துவிட்டது. இத்தகைய ஊர்களில் கம்பத்து வீட்டைச் சுற்றி டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் நின்றன. லயத்தைச் சுற்றி ஆடும் மாடும் கோழியும் நின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? நில உரிமையே! விதையிட்ட டுரியான் காய்க்கப் பத்தாண்டும் ஆகலாம். வேலை போனால் வீடும் போகும் என்றிருப்பவன் அதை எந்த மண்ணில் நடுவான்? ஆட்டையோ போகுமிடமெல்லாம் ஓட்டிச் செல்லலாம்; அவசரத்துக்கு விற்கவும் செய்யலாம்.

1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இவ்வுண்மை வெட்டவெளிச்சமாயிற்று. தொழிலாளரின் பணத்தைத் திரட்டியே தோட்டம் வாங்க, 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்த நிலப் பசியை விட்டுவிட்டுப் பசுவையும் பழத்தையும் மட்டும் வருணிக்கும் கதை அரை உண்மையே. மரத்தின் நிழலைப் புகழும் எழுத்தாளர், அம்மண் எவர் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுவாராக.