நகைப்பும் நகரமும்: ‘பிளே ரைம்’ குறித்துச் சில கருத்துக்கள்

பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் ஜாக் தாத்தியின் ‘பிளே ரைம்’ (1967) உலகத் திரைப்பட வரலாற்றில் உயரிடம் பெற்றுவிட்ட படைப்பு. அதன் பெருமையை அறிந்தே நாம் அதனை அணுகினோம். எனினும் எமக்கு எஞ்சியது ஏமாற்றமே. இவ்வேமாற்றத்தின் காரணங்களை ஆராய்தல் வெறுமனே தனிமனித ரசனை சார்ந்த விடயமன்று. உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்குமுள்ள உறவு பற்றிய அடிப்படை வினாவொன்று இங்கு எழுகின்றது.

படத்தின் மந்தகதியே அதன் குறை என்று கூறுதல் எளிது. ஆனால் அது சரியன்று. தாத்தி அண்மைக் காட்சிகளைத் தவிர்த்து, 70 மில்லிமீற்றர் அகலத்திரை முழுவதும் நகைச்சுவையைப் பரப்பி வைக்கின்றார். எதனைப் பார்க்க வேண்டுமென்று அவர் கட்டளையிடுவதில்லை. தேடுதல் பார்வையாளனின் பொறுப்பாகின்றது. மெதுவான நடை அத்தேடலுக்கு வேண்டிய அவகாசத்தை அளிக்கின்றது. ஆகவே நாம் கேட்க வேண்டியது, இத்துணைப் பொறுமையுடன் தேடுபவனுக்கு என்ன கிடைக்கின்றது என்பதே.

கண்ணாடியாலும் உருக்காலுமான கட்டடங்கள், ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற அறைகள், அவற்றிடையே வழிதவறி அலையும் ஹூலோ, கதவுக் கண்ணாடியிற் பிரதிபலிப்பாக மட்டும் தோன்றி மறையும் ஈபெல் கோபுரம் ஆகிய யாவும் நவீன முதலாளித்துவ நகரின் அந்நியமாதலை நுட்பமாகப் புலப்படுத்துகின்றன. ஆனால் அந்நகரை யார் கட்டினர், யாருடைய நலனுக்காகக் கட்டினர் என்ற வினா எழுவதேயில்லை. சார்ளி சப்ளினின் ‘மொடேண் ரைம்ஸ்’ (1936) படத்திற் சிரிப்பு உற்பத்திக் களத்திலேயே பிறக்கின்றது. இயந்திரப் பற்சில்லுகளிடையே அகப்படும் தொழிலாளியின் உடலே அதன் ஊற்று. தாத்தியிடமோ அது பெரிதும் நுகர்வுக் களத்திலேயே உலாவுகின்றது. இயந்திரத்தன்மை ஒரு சமூக உறவாகவன்றிக் கட்டடக்கலைப் பாணியாகச் சுருங்கிவிடுகின்றது.

உணவு விடுதிக் காட்சி இதற்கு விதிவிலக்காக அமைந்திருக்கக் கூடும். வேலை முடியுமுன்பே விடுதி திறக்கப்படுகின்றது. தொழிலாளர் விலகிச் செல்ல விருந்தினர் நுழைகின்றனர். உடை கிழிந்த பரிசாரகன் ஒருவன், தன்னிடமுள்ள நல்லவற்றைச் சகபாடிகளுக்குக் கொடுத்து, அவர்களுடைய பழுதுபட்டவற்றைத் தானே அணிகின்றான். படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை இதுவே எனலாம். உழைப்பவன் நிலை ஒரு கணம் துலங்குகின்றது. எனினும் விடுதி சிதையச் சிதைய யாவரும் களியாட்டத்தில் ஒன்றுகலக்கின்றனர். இறுதியில் வாகன நெரிசலும் குடைராட்டினமாகிவிடுகின்றது. முரண்பாடு தீரவில்லை; இசையால் மூடப்படுகின்றது.

படம் வெளிவந்தது 1967 டிசெம்பரில். 1968 மே மாதத்தில் பிரான்சின் இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கலைஞன் சோதிடனல்லன், வரப்போவதைக் கூறவில்லை என்று அவனைக் குறைகூறல் பொருந்தாது. ஆயினும், அத்தொழிலாளர் நாள்தோறும் உழைத்த நகரைப் பற்றிய படத்தில் அவர்கள் பெரும்பாலும் பின்னணி உருவங்களாகவே நின்றமை கருதத்தக்கது.

இப்படத்திற்காகப் பாரிஸின் புறத்தே ஒரு நகரையே அரங்காகக் கட்டியெழுப்பிக் கடனாளியான தாத்தியின் கலைநேர்மையை எவரும் ஐயுறார். ஆனால் பார்வையாளனின் கண்ணை விடுவித்த அக்கலைஞர், அக்கண் காணவேண்டிய சமூக உறவுகளைச் சட்டகத்திற்கு வெளியே விட்டுவிட்டார் என்பதே எமது மனக்குறை.