வழக்கேட்டிலிருந்து கவிதைக்கு

சார்ள்ஸ் றெஸ்னிக்கோவ் 1894இல் நியூயோர்க்கின் புறூக்ளினிற் பிறந்த யூதக் கவிஞர்; சட்டம் பயின்று, சட்டநூல் வெளியீட்டகமொன்றிற் பணிபுரிந்தவர். அங்கு படித்த வழக்கறிக்கைகளிலிருந்தே ‘சாட்சியம்’ என்னும் நூலை ஆக்கினார். 1934இல் அது உரைநடையாக வெளிவந்தது. 1965இல் விரிந்த கவிதை வடிவின் முதற்பகுதி வந்தது. 1885 முதல் 1915 வரையிலான அமெரிக்க வாழ்வே அதன் பொருள்.

இந்நூலை மதிப்பிடுமுன் அதன் மூலம் எத்தகையது என்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் கவுண்டி எனப்படும் சிறு நிருவாகப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. அவை 3,000க்கு மேற்பட்டவை. வழக்குகளிற் பெரும்பாலானவை முதலில் விசாரிக்கப்படுவது கவுண்டியின் நீதிமன்றத்திலேயே. அங்குள்ள பதிவாளர் ஒவ்வொரு வழக்குக்கும் இலக்கமிட்டு, வந்து சேரும் பத்திரங்களை நாள்வாரியாகக் குறித்து வைக்கிறார். வழக்கிலக்கத்தையோ தரப்பினர் பெயரையோ சொல்லி எவரும் ஏட்டைப் பார்வையிடலாம்; பிரதிக்கு மட்டும் கட்டணம் உண்டு. சிறுவர் வழக்கு, தத்தெடுப்பு முதலியன பொதுவாக விதிவிலக்கு. வழக்கேடுகளைப் பார்வையிடும் பொதுவுரிமையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1978இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அச்சேறி நூலகங்களுக்குச் செல்பவை பெரும்பாலும் மேன்முறையீட்டுத் தீர்ப்புகளே. மேன்முறையீட்டுக்குப் பணமற்றவனின் துயரம் கவுண்டி அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. (ஜூரிமார் முன் வென்ற தொழிலாளி, கம்பனி மேன்முறையீடு செய்தமையாலேயே அச்சேறியதும் உண்டு!) எனவே றெஸ்னிக்கோவின் மூலம் முன்னரே சல்லடையிட்டு வடிக்கப்பட்டதொன்றாகும்.

அவர் பெயர்களை மாற்றினார். சட்ட வாதங்களையும் தீர்ப்பையும் நீக்கினார். எஞ்சியது நிகழ்ச்சி மட்டுமே: இயந்திரத்திற் சிக்கிய கை, புகையிரதப் பாதையில் நேர்ந்த சாவு, ஆலையில் உழைக்கும் குழந்தை. அடைமொழி இல்லை, புலம்பல் இல்லை. கதை முடிவிற் பிரசங்கம் செய்யும் நம் எழுத்தாளர் சிலர் இவ்வடக்கத்தைக் கூர்ந்து கற்கலாம்.

எனினும் தீர்ப்பை நீக்கியதை நாம் ஏற்க இயலாது. அக்காலத் தீர்ப்புகளில் நீதிபதிகள் கையாண்ட கோட்பாடுகள் இரண்டைக் கவனியுங்கள். வேலையை ஏற்றவன் அதன் ஆபத்தையும் ஏற்றவனாவான் என்பது ஒன்று. சக தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பல்லன் என்பது மற்றொன்று. 1910இல் நியூயோர்க் மாநிலம் இயற்றிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 1911இல் செல்லாததாக்கிற்று. கையை நசுக்கியது இயந்திரம். நட்டஈட்டை மறுத்தது சட்டம். இரண்டாவதை அகற்றிய கவிதையில் விபத்து, விதியின் விளையாட்டுப் போலத் தோற்றமளித்துவிடுகிறது.

வாசகனே ஜூரியாக இருந்து தீர்ப்பளிக்கட்டும் என்பர் அவரைப் போற்றுவோர். ஜூரிக்கோ நீதிபதி சட்டத்தையும் எடுத்துரைக்கிறார். இக்கவிதையின் வாசகனுக்கு அதனை எவரும் எடுத்துரைப்பதில்லை.

அவர் தவிர்த்த பக்கங்கள் மறைந்துவிடவில்லை. ஹாவர்ட் சட்டக் கல்லூரி நூலகம் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கத் தீர்ப்புகளை 2018இல் இணையத்தில் வெளியிட்டது. எவரும் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ‘சாட்சியம்’ நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் அக்காலத் தீர்ப்பொன்றையேனும் அருகில் வைத்து மாணவருடன் படிப்பாராயின், கவிஞர் எதனை வெட்டினார் என்பது வெளிப்படும். மேன்முறையீட்டுக்குச் செல்லாத கவுண்டி ஏடுகளோ அத்தொகுப்பிலும் இல்லை.