தீயணைப்பு வண்டிக்கு யார் காசு கொடுப்பது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இந்தக் கேள்விக்கான பதிலை 12 வருஷத்தில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறது. முதல் மாற்றம் சரி, இரண்டாவது தப்பு என்பது என் கட்சி.

2013 வரை தீயணைப்புச் செலவில் பெரும்பகுதி இன்ஷூரன்ஸ் பிரீமியத்தோடு சேர்த்து வசூலானது. கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பான சி.எஃப்.ஏ.வுக்கு 77.5 சதவீதம் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக வந்தது. ஓட்டை எங்கேன்னு பாருங்க: இன்ஷூரன்ஸ் எடுத்தவர் கட்டுவார், எடுக்காத பக்கத்து வீட்டுக்காரர் கட்டமாட்டார். தீப்பிடித்தால் இரண்டு வீட்டுக்கும் அதே வண்டிதான் வரும்.

2009 பிப்ரவரி 7 காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த ராயல் கமிஷன் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. 2013 ஜூலை 1 முதல் எல்லாச் சொத்துக்காரர்களும் ஒரு நிலைக்கட்டணமும், நிலம் கட்டடம் சேர்ந்த மதிப்பில் ஒரு விகிதமும் கட்டினார்கள். கவுன்சிலின் வரி நோட்டீஸிலேயே அது வந்துவிடும்.

சந்தை மதிப்பு என்பது தீ அபாயத்தின் அளவுகோல் இல்லைதான். ஆனால் தீயணைப்பு வண்டி முக்கியமாகக் காப்பாற்றுவது சொத்தை. அதிகச் சொத்து உள்ளவர் அதிகம் தருகிறார், யாரும் நழுவ முடியாது. அந்த நியாயம் போதும்.

2025 ஜூலை 1-ல் இதன் இடத்தில் 'அவசரச் சேவைகள் மற்றும் தன்னார்வலர் நிதி' வந்தது. பெயரிலிருந்து 'தீ' போய்விட்டது. வெள்ள மீட்பு, பேரிடர் நிவாரணம், 000 அவசர அழைப்பு மையம் எல்லாமே இதற்குள். நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புக்கும் யாரோ ஒருவரின் நிலமதிப்புக்கும் என்ன சம்பந்தம்?

விவசாய நிலத்துக்கு வைத்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1,000 டாலர் மதிப்புக்கு 28.7 சென்ட் இருந்தது 71.8 ஆக வேண்டும். 30 லட்சம் டாலர் பண்ணைக்கு, நிலைக்கட்டணம் தவிர்த்து, 861 டாலர் 2,154 ஆகும். நில விலை ஏறியதால் மழை பெய்துவிடாது. கையில் காசும் வந்துவிடாது. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். வறட்சியைக் காரணம் காட்டி, பண்ணைகளுக்கான உயர்வை மட்டும் அரசு ஒரு வருஷம் தள்ளிவைத்தது.

சி.எஃப்.ஏ.வில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களுக்கு ஒரு வீடு அல்லது ஒரு பண்ணைக்குச் சலுகை உண்டு. நல்லதுதான், ஆனால் அடிப்படைக் கோளாறை அது சரிசெய்யாது.

பேரிடர்ச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று அரசு சொல்வது உண்மை. அப்படியானால் தீயணைப்பை மட்டும் சொத்தின் மேல் வைத்துவிட்டு, மற்றதைப் பொது வரியிலிருந்து எடுக்கட்டும். எதற்குக் கட்டுகிறோம் என்பது நோட்டீஸைப் பார்த்தாலே தெரிய வேண்டும். அது தெரிந்தவரைக்கும்தான் ஜனங்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள்.