இழிசொல்லும் உரிமையும்: அமெரிக்கத் திரைப்பட விவாதம் ஒன்று பற்றி

1997ஆம் ஆண்டின் இறுதியிற் குவென்ரின் ரரன்ரினோவின் ‘ஜக்கி பிறவுண்’ வெளிவந்தபொழுது கறுப்பின நெறியாளரான ஸ்பைக் லீ அதனைக் கண்டித்தார். கறுப்பு மக்களை இழித்துரைக்கும் ஆங்கிலச் சொல் அப்படத்தில் 38 தடவை வருவதாக அவர் எண்ணிக் கூறினார். அச்சொல்லைத் தாமும் தமது படங்களிற் கையாள்வதை லீ மறைக்கவில்லை. வெள்ளையரான ரரன்ரினோ அதன்மீது மோகங் கொண்டுள்ளார் என்பதே குற்றச்சாட்டு. ஆயின் அப்படத்தில் அச்சொல்லைப் பெரிதும் பேசிய கறுப்பின நடிகர் சாமுவேல் ஜக்சன், நெறியாளரின் பக்கமே நின்றார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

இவ்வாதத்தில் இரு சாராரும் ஐயுறாது ஏற்றுக்கொண்ட ஒன்றுண்டு. அச்சொல் ஓர் உடைமை என்பதே அது. ஒருவர் அது தம்மவர்க்கே உரியது என்கின்றார். மற்றவர் கலைஞர் எவரும் எடுத்தாளலாம் என்கின்றார். சொத்துரிமைச் சமுதாயத்திலே மொழியைப் பற்றிய வாதமும் சொத்து வழக்காகவே நடைபெறுவது வியப்பன்று. எனினும் லீயின் ஆட்சேபத்தை வெறும் இனவுணர்ச்சி என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாக இல்லை. எண்ணிக்கை எதையும் நிறுவாது. அதன் பின்னாலுள்ள வினா நியாயமானது.

‘மார்க்சியமும் மொழித் தத்துவமும்’ (1929) என்ற நூலிலே வொலொஷினொவ், குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களமாகும் என்று காட்டினார். ஒரே சொல்லை வெவ்வேறு சமூக சக்திகள் வெவ்வேறு அழுத்தத்துடன் உச்சரிக்கின்றன. அமெரிக்கக் கறுப்பு மக்கள் தம்மை இழிவுபடுத்திய சொல்லைத் தமக்குள்ளே தோழமைச் சொல்லாகவும் கேலியாகவும் மாற்றிக்கொண்டமை இத்தகைய அழுத்த மாற்றமேயாகும். ஆயின் அம்மாற்றம் குறிப்பிட்டதொரு பேச்சுச் சூழலில், பேசுவோரும் கேட்போரும் ஒரே நிலைமையைப் பகிர்ந்துகொள்ளும்பொழுதே நிகழ்கின்றது. திரைப்படமோ பண்டம். அது அச்சொல்லைச் சூழலினின்றும் பெயர்த்தெடுத்து, நுழைவுச்சீட்டு வாங்கும் எவர்க்கும் விற்கின்றது. இதனாலேயே தெருவிற் செல்லுபடியாகும் அனுமதி திரையிற் செல்லுபடியாவதில்லை. லீயின் படங்களுக்கும் இது பொருந்தும்.

ஆயினும் லீயின் ‘டூ த றைற் திங்’ (1989) இவ்விடத்தில் விரிவாக நோக்கற்பாலது. புறூக்ளினின் கறுப்பின வட்டாரம் ஒன்றில், வெப்பம் மிகுந்த ஒரு நாளிற் கதை நிகழ்கின்றது. நடுவே, கதையோட்டத்தை நிறுத்தி, ஐந்து பாத்திரங்கள் கமராவை நேரே நோக்கி வசைமாரி பொழிகின்றன. கறுப்பர் இத்தாலியரையும், இத்தாலியர் கறுப்பரையும், புவெர்த்தோ றிக்கர் கொரியரையும், வெள்ளைக் காவலர் புவெர்த்தோ றிக்கரையும், கொரியர் யூதரையும் ஏசுகின்றனர். ஏச்சின் இலக்கு திரையில் இல்லை. இருக்கையில் அமர்ந்திருக்கும் நாமே அதனை ஏற்க நேர்கின்றது. சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கிவிடுகின்றது. இதனினும் முக்கியமானது, இவ்வசைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதைப் படம் மறைக்காமையாகும். பீற்சாக் கடை இத்தாலியருடையது. மளிகைக் கடை கொரியருடையது. வட்டாரத்து மக்கள் வாடிக்கையாளராகவும் கூலியாளராகவும் மட்டுமே அங்கு நுழைகின்றனர். கடைச் சுவரில் எவருடைய படங்கள் தொங்குவது என்ற சச்சரவு, காவற்றுறையினர் ஒரு கறுப்பின இளைஞனைக் கழுத்தை நெரித்துக் கொல்வதில் முடிகின்றது. (அவ்வசைமாரியை நிறுத்தி அமைதி கோரும் வானொலி அறிவிப்பாளராக நடித்தவரும் அதே ஜக்சனே.)

‘பல்ப் பிக்சன்’ (1994) படத்திலோ ரரன்ரினோ தாமே ஜிமி என்னும் பாத்திரமாகத் தோன்றி, ஜக்சனின் பாத்திரத்தின் முகத்துக்கு நேரே அச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றார். ஜிமியின் மனைவி கறுப்பினப் பெண் என்பது கதை தரும் தகவல். அவள் பேசுவதில்லை; ஒரு கற்பனைக் காட்சியிற் கணநேரம் தோன்றுவதோடு சரி. கணவனுக்கு அனுமதிச்சீட்டாக மட்டுமே அவள் படைக்கப்பட்டுள்ளாள். எமது கருத்தில் அக்காட்சியின் கோளாறு நெறியாளரின் தோலின் நிறமன்று; அச்சொல்லுக்கு அங்கு எவ்வித சமூக வேலையும் இல்லாமையே.

சொல்லை நீக்கினால் இழிவு நீங்கிவிடுமோ எனின், ஹொலிவூட்டின் வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது. ‘கோன் வித் த வின்ட்’ (1939) தயாரிக்கப்பட்டபொழுது, கறுப்பினப் பத்திரிகைகளினதும் அமைப்புகளினதும் எதிர்ப்பினால் அச்சொல் வசனங்களினின்றும் அகற்றப்பட்டது. அடிமைத்தனத்தை இன்பக் கனவாகக் காட்டும் கதை அகற்றப்படவில்லை. அதில் நடித்தமைக்காக 1940இல் ஒஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பினத்தவரான ஹற்றி மக்டானியல், விருது விழாவிலே தனிமேசையில் அமர்த்தப்பட்டார். அக்காலத் தயாரிப்பு நெறிக்கோவை கறுப்பர் வெள்ளையரிடையே பாலுறவைக் காட்டுவதையும் தடைசெய்திருந்தது. 2007இல் டெற்றொயிற் நகரிலே அச்சொல்லுக்குச் சடங்குமுறையாக ஈமக்கிரியை நடத்தப்பட்டமை இவ்வரலாற்றின் பின்னணியிலேயே எமக்குத் துயரந் தருகின்றது.

‘பிளேசிங் சடில்ஸ்’ (1974) நகைச்சுவைப் படத்தை எழுதியவர்களுள் றிச்சாட் பிறையரும் ஒருவர். வெள்ளையரின் வாயில் அச்சொல் வந்து அவர்களையே கோமாளிகளாக்கும் வண்ணம் அது எழுதப்பட்டது. ஆயின் கறுப்பினத் தலைமைப் பாத்திரத்தைப் பிறையர் ஏற்பதற்கு நிறுவனம் இணங்கவில்லை. கிளீவன் லிற்றில் நடித்தார். எழுத அனுமதி, தோன்ற அனுமதியில்லை. அச்சொல்லைத் தம் மேடைக் கலையின் ஆயுதமாக்கியிருந்த பிறையர் 1979இற் கென்யா சென்று வந்தபின் அதனைக் கைவிட்டார். கறுப்பரே பெரும்பான்மையாகவும் எல்லாத் தொழில்களிலும் அமர்ந்தும் இருந்த ஒரு சமுதாயத்தைக் கண்டமையே காரணம் என அவர் மேடையிற் கூறினார். சமூக உறவு மாறிய இடத்தில் அச்சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

1858இல் நிகழும் ‘ஜாங்கோ அன்செயின்ட்’ (2012) அச்சொல்லை நூறு தடவைக்கு மேல் ஒலிக்கச் செய்கின்றது. லீ அதனைப் பார்க்கவே மறுத்தார். அக்காலத்து அடிமை எசமானர் வேறெவ்வாறு பேசியிருப்பர் என்ற விடையில் நியாயமுண்டு. ஆயின் பருத்தி பறிக்கும் உழைப்பு அங்கு பின்னணிச் சித்திரமே. பண்ணையாரின் கேளிக்கையாக முன்னிறுத்தப்படுவதோ வரலாற்றாசிரியர்கள் ஐயுறும் மனிதச் சண்டை.

எனினும் ஒரு பாத்திரம் இவ்வாதத்தையே தலைகீழாக்குகின்றது. ஜக்சன் நடித்த ஸ்ரீபன் என்னும் முதிய வீட்டடிமை, எசமானின் பெயரிற் காசோலைகளுக்குக் கையொப்பமிடுபவன், மாளிகையை நடத்துபவன். குதிரைமேல் வரும் ஜாங்கோவைக் கண்டதும் அச்சொல்லை உமிழ்கின்றான். ‘உரிமை’ விதிப்படி அவனுக்கு அனுமதியுண்டு. ஆயின் அவன் வாயிற் பேசுவது பண்ணையின் கணக்கேடே. இப்பாத்திரத்தைத் தொடர்ந்து சென்றிருப்பின் ரரன்ரினோவின் படம் வேறொன்றாகியிருக்கும். அவரோ மாளிகையோடு அவனையும் வெடிவைத்துத் தகர்த்துவிடுகின்றார். வயலில் நின்றோர் என்னவாயினர் எனக் கேட்க ஜாங்கோவும் குதிரையை நிறுத்துவதில்லை.