கல்லறையிலிருந்து கசெற்றுக்கு: ஒரு விஞ்ஞானப் புனைவுத் தொடரின் இழப்பும் மீட்பும்

அழியும் தறுவாயிலிருந்த ஓர் ஆக்கம் வெளியீடு பெறும்பொழுது அது நிலைபேறு எய்துகின்றது என்று கொள்வதே பதிப்புலகின் பொதுவழக்கு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியமையால் ஏட்டில் ஒடுங்கியிருந்த பாடம் தமிழ்கூறு நல்லுலகெங்கும் பரவலாயிற்று என்று நாம் பெருமையுடன் குறிப்பிடுகின்றோம். அது பொருத்தமே. ஆயின், யாரிடமிருந்த ஏடு, யாருடைய செலவில், எவர் கைக்குச் சென்றது என்னும் வினாக்களை அப்பெருமையுணர்வு பெரும்பாலும் எழவிடுவதில்லை. இவ்வினாக்களை அச்சுக்குப் பிற்பட்ட ஊடகமொன்றின்மீது எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானப் புனைவுத் தொடரும், அது வீட்டுப் பாவனைக்கான ஒளிநாடாவாக விற்பனைக்கு வந்த வரலாறுமாகும். தமிழாராய்ச்சி ஏடொன்றில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர் இறுதிவரை பொறுத்தருள்க.

காலத்தினூடாகவும் வெளியினூடாகவும் பயணஞ்செய்யும் ஒருவரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட இத்தொடர், முதல் ஆறு ஆண்டுகளில் 253 பகுதிகளாகக் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பாயிற்று. அவற்றுள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை. போரோ தீயோ வெள்ளமோ அவற்றை அழிக்கவில்லை. தயாரித்த நிறுவனமே அழித்தது. ஒளிநாடா விலையுயர்ந்த பொருள். அதில் பதிந்திருந்த நாடகத்தைத் துடைத்துவிட்டு நாடாவை மீண்டும் பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தங்களின்படி ஒரு நிகழ்ச்சியை எத்தனை முறையும் மறு ஒளிபரப்புச் செய்ய இயலாது. வண்ணத் தொலைக்காட்சி வந்த பின்னர் கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்குவாரும் அருகினர். விற்க முடியாத பண்டத்தைக் களஞ்சியத்தில் வைத்திருப்பது வீண்செலவு என்று கணக்கு சொல்லிற்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை நாடாக்கள் துடைக்கப்பட்டன. வெளிநாட்டு விற்பனைக்கென எடுக்கப்பட்ட 16 மில்லிமீற்றர்ப் படச்சுருள்களும் எறியப்பட்டன. நமது ஏடுகளைக் கறையான் தின்றது. இங்கே கறையானின் தொழிலை வரவு செலவுக் கணக்கு செய்தது.

எனினும் அப்படச்சுருள்கள் அனைத்தும் இலண்டனில் இருக்கவில்லை. பிரித்தானியப் பேரரசு அரசியல் வகையில் கலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதன் கலாசார விநியோகப் பாதைகள் கலையாமலிருந்தன. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹொங்கொங், சிங்கப்பூர், நைஜீரியா, சம்பியா முதலாய நாடுகளின் நிலையங்களுக்குப் பிரதிகள் விற்கப்பட்டன. செலவைக் குறைக்கும் பொருட்டு ஒரு நாட்டில் ஒளிபரப்பி முடிந்த சுருளை அடுத்த நாட்டுக்கு அனுப்பும் முறையும் நிலவிற்று. பயணத்தின் கடைசி நிலையத்தில் சுருளை எரிக்கவேண்டும், அல்லது திருப்பி அனுப்பவேண்டும். சில இடங்களில் இரண்டும் நிகழவில்லை. யாரோ ஒரு களஞ்சியப் பணியாளர் அதனை இறாக்கையில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது. அவருடைய பெயர் எவ்வரலாற்றிலும் இல்லை.

இலங்கை அப்பட்டியலில் இடம்பெறக் காரணமில்லை. இங்கு தொலைக்காட்சி தொடங்கியதே 1979 ஏப்பிரலில். ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலேயே இயங்கத் தொடங்கிற்று. பேரரசின் எஞ்சிய பொருள்கள் தேடப்படும் நாடுகளின் வரிசையிலும் நாம் இல்லை. இதிலொரு முரண்நகை உண்டு. இதே தொழினுட்பத்தின் எதிர்காலத்தை 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வகுத்துரைத்த ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். 1975-76இல் இந்தியா நடத்திய செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனையின்போது அவருடைய கொழும்பு இல்லத்தில் இந்தியப் பொறியியலாளர் வாங்கியொன்றை அமைத்துக் கொடுத்தனர். நாடு முழுவதும் தொலைக்காட்சியற்றிருந்த காலத்தில், ஒரு வீட்டில் மாத்திரம் வானிலிருந்து படம் இறங்கிற்று!

1983இல் பி.பி.சி. இத்தொடரின் முதலாவது ஒளிநாடாவை விற்பனைக்கு விட்டது. ‘சைபர்மனிதரின் பழி’ என்று தமிழில் சொல்லத்தக்க அக்கதை நான்கு பகுதிகளும் ஒரே படமாக வெட்டி ஒட்டப்பட்ட நிலையில் வெளிவந்தது. விலை 39.95 பவுண். இரசிகர்கள் பெரிதும் கேட்டது 1967ஆம் ஆண்டின் ‘சைபர்மனிதரின் கல்லறை’ என்றும், அது அழிக்கப்பட்டுவிட்டமையால் வேறு கதை கொடுக்கப்பட்டது என்றும் சொல்லப்படுவதுண்டு. உரிமக் கட்டணமாக மக்கள் செலுத்திய பணத்தில் உருவான ஆக்கம், மக்கள் அனைவரும் ஒரே மாலையில் ஒன்றாகப் பார்த்துக் கலைந்த நிகழ்ச்சி, தனியொருவர் வாங்கித் தம் அலமாரியில் வைக்கும் பண்டமாகியது இவ்விடத்தேயாகும். பயன்மதிப்பு தீர்ந்தது என்று குப்பையில் இடப்பட்டதற்குப் பரிவர்த்தனை மதிப்பு புதிதாகப் பிறந்தது. களஞ்சியத்தைக் காப்பதற்கு அரசியல் விருப்பம் செய்யாததைச் சந்தை செய்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், சந்தை எதனைக் காக்கும் என்பதையும் கவனித்தல் வேண்டும். விற்கும் தொடரின் எஞ்சிய பகுதிகளே தேடப்பட்டன. அதே ஆண்டுகளில் அதே முறையில் துடைக்கப்பட்ட எத்தனையோ தனிநாடகங்களுக்கு அத்தகைய தேடல் வாய்க்கவில்லை.

‘கல்லறை’யின் நான்கு பகுதிகளும் ஹொங்கொங்கில், முன்னர் ரெடிபியூஷன் என்ற பெயருடன் இயங்கிய தொலைக்காட்சி நிலையத்திலிருந்து 1991 இறுதியில் வெளிப்பட்டு 1992 தொடக்கத்தில் இலண்டன் சேர்ந்தன. அவ்வாண்டு மே மாதத்திலேயே ஒளிநாடா கடைக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக நினைவில் மாத்திரம் வாழ்ந்து புராணத்தன்மை பெற்றிருந்த படைப்பு மீண்டும் பார்வைக்குரியதாயிற்று. திறனாய்வாளன் நன்றியுடன் ஏற்கவேண்டிய வாய்ப்பு இது. நினைவு மன்னித்துவிடுவதைப் பிரதி மன்னிப்பதில்லை.

கதையை எழுதியோர் கிற் பெட்லரும் ஜெரி டேவிசும். பெட்லர் மருத்துவ விஞ்ஞானி. மனித உறுப்புகளுக்குப் பதிலாகச் செயற்கை உறுப்புகள் பெருகினால் மனிதன் எவ்விடத்தில் மனிதனாக இராதொழிவான் என்னும் அச்சத்திலிருந்து பிறந்தவரே சைபர்மனிதர். உணர்ச்சியை நீக்கி, உடலை உலோகமாக்கி, எல்லோரையும் தம்போல் ஆக்க விழையும் இனம் அது. உழைப்பாளி தன் உழைப்பிலிருந்தும் உடலிலிருந்தும் அந்நியமாகும் நிலையை இத்துணைத் தெளிவாகக் காட்சிப்படுத்திய வெகுசன ஆக்கங்கள் சிலவே. கதை இதுதான்: டெலொஸ் என்னும் கோளில் சைபர்மனிதரின் கல்லறையைத் தோண்ட அகழாய்வுக் குழுவொன்று பூமியிலிருந்து வருகின்றது. குழுவின் செலவை ஏற்பவள் கஃப்டான் என்பவள். கல்லறைக் கதவை முதலில் திறப்பவனுக்கு ஐம்பது பவுண் என்று அவள் அறிவிக்கிறாள். தொழிலாளி ஒருவன் ஓடிச்சென்று கதவைத் தொட்டு மின்தாக்கி மடிகின்றான். கூலியும் மரணமும் மூலதனமும் ஒரே காட்சியில் இவ்வளவு சிக்கனமாக வைக்கப்பட்டுள்ளன. ஆயின் கதாசிரியர்கள் அதைத் தொடர்ந்து சிந்திக்கவில்லை. இறந்தவன் அடுத்த காட்சியிலேயே மறக்கப்படுகின்றான்.

அதனினும் முக்கியமானவன் டோபர்மன். கஃப்டானின் ஏவலாள், கறுப்பினத்தவன், பெருவலியன், பேச்சு அநேகமாக இல்லாதவன். ஜமேக்காவிற் பிறந்த ரோய் ஸ்ருவேர்ட் அவ்வேடத்தை ஏற்றார். மின்சாரம் நீங்கிய கதவைத் தன் தோள்வலியால் திறப்பவன் அவனே. பகைவர் அவனைப் பிடித்துப் பாதி இயந்திரமாக்குகின்றனர். இறுதியில் கதவை மூடுபவனும் அவனே. மூடும்போது மின்தாக்கி இறக்கின்றான். திறப்பதும் அடைப்பதும் அவன் கை. அறிவதும் பேசுவதும் பிறர் உரிமை. வில்லத்தனம் செய்யும் கஃப்டானும் க்ளீக்கும்கூட அயல்நாட்டுச் சாயலும் அயல் உச்சரிப்பும் உடையோராகவே வார்க்கப்பட்டுள்ளனர். மனிதர் அனைவரையும் ஒரேமாதிரியான கருவிகளாக்கும் கொடுமையைக் கண்டு நடுங்கும் கதை, ஒரு மனிதனைத் தொடக்கத்திலிருந்தே கருவியாக வைத்திருப்பதை உணரவில்லை. டோபர்மனை இயந்திரமாக்க எதிரிக்கு அதிக வேலை இருக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது. படச்சுருள் ஒரு குடியேற்ற நாட்டின் நிலையத்திலிருந்து மீண்டமை தற்செயல்தான். ஆனால், அது சுமந்துவந்த கருத்தியலுக்கு அத்தற்செயல் நல்ல உரையாக அமைந்துவிட்டது. இக்காரணத்தால் படைப்பைத் தள்ளிவிட வேண்டும் என்பதன்று எமது கருத்து. இருளிலும் ஒலியிலும் அச்சத்தைக் கட்டியெழுப்பும் அதன் திறனும், பற்றிக் ட்ரொட்டனின் நடிப்பும் மறுக்கவொண்ணாதவை. இழந்த தன் தந்தையை எண்ணும் இளம்பெண்ணுக்கு அவர் ஆறுதல் கூறும் அமைதியான காட்சி அத்தொடரின் உயர்ந்த தருணங்களுள் ஒன்று.

சாம்பல்தீவிலிருந்து இதனை எழுதும் எமக்கு, தோண்டி எடுப்போர், உரிமை கொண்டாடுவோர் என்னும் வேறுபாடு நூலறிவு மாத்திரமன்று. தெற்கே சில கல் தொலைவில் உள்ள கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர். அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம். கடலுள் வீழ்ந்த எச்சங்களை 1956இல் கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டனர். அச்செய்தி மறுவருடம் ஆங்கில நூலாகி உலகச் சந்தைக்குச் சென்றது. கண்டவருக்கு உரிய நன்றியை நாம் குறைக்கவில்லை. ஆனால் அம்மலையடியில் தலைமுறை தலைமுறையாக வலைவீசியோரின் அறிவு ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லினுள் அடங்குவதில்லை.

டொக்டர் ஹூவின் வரலாற்றிலும் அவ்வாறே. இழந்த பகுதிகள் யாவற்றின் ஒலியும் இன்று கிடைக்கின்றது. ஒளிபரப்பான வேளையில் சாதாரண இரசிகர்கள் தத்தம் வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவி வைத்துப் பிடித்த நாடாக்களே அதற்குக் காரணம். நிறுவனம் துடைத்ததைப் பார்வையாளர் காத்தனர். அவ்வொலியின்மீதே பின்னர் இறுவட்டுகளும், 2016இல் முழுமையாக வெளிவந்த ‘டாலெக்குகளின் வலிமை’ போன்ற அசைவூட்டப் பதிப்புகளும் கட்டப்பட்டு விற்கப்பட்டன. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையத்திலிருந்து ஒன்பது பகுதிகள் மீண்டதாக அறிவிக்கப்பட்டபோதும் விற்பனை உடனடியாகத் தொடங்கிற்று. மறுபுறம், 2023 நவம்பரில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளை பி.பி.சி. தன் இணையத் தளத்தில் பிரித்தானியருக்குத் திறந்துவிட்டபோது, முழுமையாக எஞ்சியுள்ள முதலாவது கதையே அதில் இடம்பெறவில்லை. எழுத்தாளரின் உரிமை வழிவந்தோருடன் இணக்கம் ஏற்படவில்லை. பொருள் அழியாமலிருந்தும் பார்க்க முடியாதிருக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1981 மே இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டதை அறிந்த வாசகருக்கு, இழப்பு என்னும் சொல்லை ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பயன்படுத்துவது மிகையாகத் தோன்றலாம். ஒன்று வன்முறை; மற்றது வணிகக் கணக்கு. இரண்டையும் ஒன்றென நாம் கூறவில்லை. மீட்பின் முறையையே ஒப்பிடுகின்றோம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், தன்னார்வலர் உழைப்பால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கி, விலையின்றி எவரும் வாசிக்க வைத்துள்ளது. இரசிகர்களின் ஒலிநாடாவும் தன்னார்வலரின் மின்வருடியும் ஒரே வகையான உழைப்பைக் குறிப்பன. அவ்வுழைப்பின் பயன் எங்கே போய்ச் சேர்கின்றது என்பதே வேறுபாடு.

நமது ஒளிநாடாக்களுக்கு அத்தகைய ஏற்பாடு போதியதாக இல்லை. 1980களில் எமது கிழக்குக் கரையோரக் கிராமங்களில் வீடியோ என்பது தனியார் உடைமையாக இருந்ததைவிட, வாடகைக்கு எடுத்த டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் மின்பிறப்பாக்கியுமாய் முற்றத்தில் ஊர் கூடிப் பார்த்த நிகழ்ச்சியாகவே பெரிதும் இருந்தது என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றோம். வீட்டுப் பாவனைக்கென வந்த கருவி இங்கே வீட்டை ஊராக்கியது. அக்காலத்துக் கூத்துகள், கோயில் விழாக்கள், பள்ளிக்கூட நாடகங்கள், திருமணங்கள் பதிவான கசெற்றுகள் இடப்பெயர்வுகளுக்கும் 2004 டிசம்பர்க் கடற்கோளுக்கும் தப்பி, இன்றும் சில வீடுகளின் பெட்டிகளிற் கிடக்கின்றன. காந்தப் படலம் உதிர்வது. கரையோர ஈரலிப்பில் விரைந்து பூஞ்சணம் பிடிப்பது. அவற்றை ஓட்டும் இயந்திரத்தை உலகில் இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 யூலையுடன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஊரில் இயங்கும் நிலையில் எஞ்சியுள்ள டெக்குகள் எத்தனை, எவர் வீட்டில் உள்ளன என்பதிலிருந்தே வேலையைத் தொடங்கவேண்டும்.