பெருமிதமும் வீண்பெருமையும்: ஜேன் ஒஸ்ரினின் சொற்றேர்வு பற்றி ஒரு நோக்கு

ஆங்கிலத்திலே ஒரு கருத்தினைக் குறிக்க இரண்டு மூன்று சொற்கள் அருகருகே நிற்பது பெருவழக்கு. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுமொழி இடம்பிடித்தது. கற்றோர் இலத்தீனிலிருந்தும் சொற்களைக் கொணர்ந்தனர். பழைய சாக்சனியச் சொற்களிற் பலவும் அழியாது நின்றன. இவ்வாறு பெருகிய சொற்களுக்கிடையே எல்லை வகுப்பது பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞரின் முயற்சிகளுள் ஒன்றாயிற்று. ஜோன்சனின் அகராதி 1755இல் வெளிவந்தது. ஹியூ பிளெயர் 1783இல் வெளியிட்ட அணியியல் விரிவுரைகளில், ஒத்த பொருளுடையனபோலத் தோன்றும் சொற்களை இணையிணையாக எடுத்து வேறுபடுத்திக் காட்டினார். 1794இல் ஹெஸ்ரர் பியோசி அம்மையார், உரையாடலில் வழங்கும் சொற்களின் தேர்வை நெறிப்படுத்தவென்றே இரு தொகுதிகள் கொண்ட நூலொன்றை எழுதினார்.

இச்சூழலிலே 1775இற் பிறந்து வளர்ந்தவர் ஜேன் ஒஸ்ரின். நெப்போலியப் போர்கள் ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்த காலத்தில் விருந்து, நடனம், விவாகம் என்பவற்றுக்கப்பால் அவர் நோக்கவில்லை என்பது அவர்மீது நெடுநாளாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்விருந்து மண்டபங்களில் நிகழ்வது யாது என்பதை அக்குற்றச்சாட்டைக் கூறுவோர் பெரும்பாலும் ஊன்றி நோக்குவதில்லை. அங்கே மாந்தர் ஒருவரையொருவர் எடைபோடுகின்றனர். எடைபோடுங் கருவி சொல். பொருந்தாச் சொல்லைக் கையாள்பவர் பொருந்தா மனிதரை நம்பிவிடுகின்றார்.

'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' (1813) நாவலின் ஐந்தாம் அத்தியாயம் இதற்குத் தக்க சான்று. முதல்நாள் நடனத்திலே, எலிசபெத் தன்னைக் கவரத்தக்க அளவு அழகியல்லள் என்று டார்சி கூறியது அவள் செவியில் விழுந்துவிட்டது. மறுநாட் காலை லூக்காஸ் குடும்பத்துப் பெண்கள் வந்திருந்து அதனைப் பேசுகின்றனர். செல்வமும் குடிப்பிறப்பும் உடைய டார்சிக்குப் 'பிறைட்' இருப்பது இயல்பே என்கிறாள் சார்லொற். அவனது 'பிறைட்'டைத் தான் எளிதில் மன்னித்திருக்கலாம், தன்னுடைய 'பிறைட்'டை அவன் புண்படுத்தாதிருந்தால், என்ற பொருள்பட எலிசபெத் விடையிறுக்கிறாள். சுவையான மறுமொழி. அச்சுவையே அதிலுள்ள பிழையை மறைத்துவிடுகின்றது.

பிழையைச் சுட்டும் பொறுப்பு மேரியிடம் விடப்பட்டிருப்பது ஆசிரியையின் குறும்பு. அழகாலே மதிப்புப் பெற இயலாமையால் நூலறிவாலே பெற விழையும் தங்கை அவள். 'பிறைட்' வேறு, 'வனிற்றி' வேறு. முன்னது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கொண்டுள்ள மதிப்பு, பின்னது பிறர் தம்மைப் பற்றி எவ்வாறு எண்ணவேண்டும் என்ற ஆசை. இரண்டையும் ஒன்றாகவே பலர் வழங்குகின்றனர் என்று அவள் விளக்குகிறாள். இவ்வேறுபாடு பிளெயரின் விரிவுரைகளிலும் ஏறக்குறைய இவ்வாறே காணப்படுகின்றது. ஒருவரும் அவளுக்குச் செவிசாய்க்கவில்லை. தான் டார்சியைப் போற் செல்வனாயின் வேட்டைநாய்கள் வளர்த்து நாளுக்கொரு போத்தல் வைன் குடிப்பேன் என்று லூக்காஸ் வீட்டுச் சிறுவன் கூச்சலிட, பேச்சு வேறு திசையிற் சென்றுவிடுகின்றது.

வாசகனும் மேரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்பாற் செல்கிறான். அடுத்த அத்தியாயத்திலே, அவளுக்குப் பயிற்சியில் ஊக்கம் அளித்தது 'வனிற்றி'யே என்று ஆசிரியை கூறும்போது அச்சிரிப்பு மேலும் வலுக்கின்றது. வரைவிலக்கணத்தை மனனஞ் செய்தவளுக்கு அது தன்னைச் சுட்டுவது தெரியவில்லை. ஒத்தசொற் பட்டியலைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணும் மாணவர் இவ்விடத்திற் சற்றே தாமதித்துச் செல்வது நன்று.

ஆனால் மேரி கூறியது பிழையன்று. அவளுடைய அளவுகோலைக் கொண்டு எலிசபெத்தின் மறுமொழியை அளந்தால் யாது தெரிகின்றது? நடனத்திற் புண்பட்டது தன்னைப் பற்றி எலிசபெத் கொண்டிருந்த மதிப்பா? பிறனொருவன் தன்னை மதிக்கவில்லை என்பதே அவளை உறுத்தியது. ஆகவே அது 'பிறைட்' அன்று, 'வனிற்றி'. அவள் தனக்குக் கௌரவமான சொல்லை எடுத்துக்கொண்டாள். அச்சிறு சலுகையிலிருந்தே அவளது தவறுகள் கிளைக்கின்றன. தன்னைப் புறக்கணித்தவனிடத்துத் தீமையையே காண்கிறாள். தன்னைப் பாராட்டிய விக்ஹாமின் கதையை ஆராயாது நம்புகிறாள். முப்பத்தாறாம் அத்தியாயத்தில், டார்சியின் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பின்னர், தன்னைக் குருடாக்கியது காதலன்று, 'வனிற்றி'யே என்று அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறாள். ஐந்தாம் அத்தியாயத்தில் வழங்கிய சொல்லை முப்பது அத்தியாயங்களுக்குப் பின்னர் திருத்தியிருக்கிறாள். மேரியின் பெயரோ பழைய உரையாடலோ அங்கு குறிப்பிடப்படவில்லை. தொடர்பைக் காணும் வேலை வாசகனுக்கே விடப்பட்டுள்ளது.

டார்சியும் இப்பாடத்தினின்று தப்பவில்லை. நெதர்பீல்ட் மாளிகையிலே 'வனிற்றி' பலவீனந்தான், ஆனால் உள்ளத்தில் மெய்யான உயர்வு உள்ளவிடத்துப் 'பிறைட்' கட்டுக்குள் நிற்கும் என்று அவன் வாதிக்கிறான். எலிசபெத் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் அகராதிப்படி சரியாகவே பேசினான். தனக்குப் பொருத்தியதிலேதான் தவறினான். இறுதியில், நல்ல நெறிகள் கற்பிக்கப்பட்டும் செருக்கோடும் இறுமாப்போடும் அவற்றைப் பின்பற்ற விடப்பட்டவன் தான் என்று அவனே கூறுகிறான்.

ஏனைய நாவல்களிலும் இப்பண்பு உண்டு. 'எம்மா'விலே, பிராங் சேர்ச்சில் பிரெஞ்சுப் பொருளில் இனியவனாக இருக்கலாம், ஆங்கிலப் பொருளில் அல்லன் என்கிறார் நைற்லி. நடையுடை பாவனையில் இனிமை ஒன்று, பிறர் உணர்வை மதிக்கும் இனிமை மற்றொன்று. ஒரே சொல்லின் இருமொழி வடிவங்களுக்கிடையே ஒருவனது குணம் முழுவதும் அளக்கப்பட்டுவிடுகின்றது. (நைற்லியின் நுண்மைக்குப் பொறாமையும் சிறிது துணைசெய்தது என்பதை மறத்தலாகாது.) 'பேர்சுவேசன்' நாவலில் உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வேறுபாடு கதையையே நடத்துகின்றது. லூயிசாவின் மனவுறுதியைப் புகழ்ந்த வென்ற்வேர்த், லைம் துறைமுகப் படியிலிருந்து அவள் தடுத்தும் கேளாது குதித்து வீழ்ந்த பின்னரே ஆன் எலியற்றிடம் இருந்தது உறுதி, லூயிசாவிடம் இருந்தது பிடிவாதம் என்று உணர்கிறான். எனினும் இவ்வேறுபாடு அங்கே வெளிப்படையாகவே எடுத்துரைக்கப்படுவதால், முன்னைய நாவலின் மௌனத் திருத்தத்துக்குள்ள வலிமை இதற்கு இல்லை என்றே கூறவேண்டும்.

சொல் நுண்மை தெரிந்தவரெல்லாம் மனிதரை அறிந்தவர் என்று ஒஸ்ரின் கருதினார் எனவும் கொள்ளலாகாது. 'நோர்தாங்கர் அபி'யிலே, எதற்கெடுத்தாலும் 'நைஸ்' என்ற ஒரு சொல்லையே வழங்கும் கதரினை ஹென்றி ரில்னி பரிகசிக்கிறான். ஜோன்சனும் பிளெயரும் வழிநெடுகத் துரத்தப்போகின்றனர் என்று எச்சரிக்கும் அவன் தங்கை எலினர், அந்நுண்மையையே பரிகசிக்கிறாள். சொல்வறுமை மிக்க கதரின், ஹென்றியின் தந்தையைக் கொலைகாரரென ஐயுற்றது மடமைதான். ஆனால் அவரது குணத்தைப் பொறுத்தவரையில் அவள் அதிகம் பிழைபடவில்லை என்று கதையே பின்னர் ஒப்புக்கொள்கின்றது.

தமிழில் இந்நாவலைப் படிப்போருக்கும் பெயர்ப்போருக்கும் இங்கே ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நிகண்டுகள் ஒருபொருட் பெயர்களை ஒருங்கே திரட்டித் தருவன. வேறுபாட்டைப் பிரயோகத்திலிருந்தே அறிய வேண்டும். 'பிறைட்', 'வனிற்றி' இரண்டையும் 'செருக்கு' என்றே பெயர்த்தால், எலிசபெத்தின் திருத்தம் முழுவதும் மறைந்துபோம். 'வனிற்றி'யின் இலத்தீன் வேர் வெறுமையைக் குறிப்பதாதலின் அதற்கு 'வீண்பெருமை' ஓரளவு பொருந்தும். 'பிறைட்'டுக்கோ ஒரு சொல் போதாது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்த 'பெருமிதம்' கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பவற்றின் வழித் தோன்றுவது, குற்றமன்று. நெதர்பீல்டில் டார்சி தனக்கு உண்டென எண்ணியது அதுவே. எலிசபெத் அன்று அவனிடங் கண்டது செருக்கு. ஈற்றயல் மூன்றாம் அத்தியாயத்தில், அவனை மணக்க விரும்புவதாகத் தந்தையிடம் கூறும்போது, அவனிடம் தகாத 'பிறைட்' இல்லை என்கிறாள். 'தகாத' என்ற அந்த அடைமொழியை அவள் ஐந்தாம் அத்தியாயத்திற் சேர்த்திருக்கமாட்டாள். பெயர்ப்பவர் தலைப்புக்கு எச்சொல்லைத் தேர்ந்தாலும், அவ்வடைமொழியை ஏற்கக்கூடிய சொல்லாக அது இருத்தல் வேண்டும். 'செருக்கு' அதனை ஏற்காது.