பரிசு வாங்காத பிள்ளை

‘தாரே ஜமீன் பர்’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அழுதும் இருப்பீர்கள். 2007 டிசம்பரில் வெளியான அந்த இந்திப் படத்தை நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பார்த்தேன். இப்போது அதன் மேல் ஒரு புகார் சொல்லப் போகிறேன். காரணம், அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பம்.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் லேத் வேலை. பையன் ஐந்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வான். புத்தகத்தைப் பிரித்தால் வியர்த்துவிடும். பரிசோதித்தவர்கள் டிஸ்லெக்ஸியா என்றார்கள். அந்த அம்மாவுக்குப் புரியட்டும் என்று நான்தான் இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மறுநாளே ஒரு கலர் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வந்து, ‘‘சார், இவனுக்கு அதுவும் வரலையே’’ என்றார்.

வாயடைத்துப் போனேன். படம் அவருக்குச் சொன்னது அதுதானே?

படத்தில் இஷானுக்குப் படிக்க வராது, ஆனால் பிரமாதமாக ஓவியம் வரும். கடைசியில் போட்டியில் ஜெயிக்கிறான், பள்ளிக்கூடமே கைதட்டுகிறது. நான் பி.காம். படித்தவன். எனக்கு இது பேலன்ஸ் ஷீட் மாதிரி தெரிகிறது. படிப்பு பற்று, ஓவியம் வரவு. இரண்டும் டேலி ஆனால்தான் பிள்ளையை மன்னிப்போம்! நம் தமிழில் 2013-ல் வந்த ‘ஹரிதாஸ்’ நல்ல படம், கிஷோர் மனதில் நிற்கிறார். அதிலும் ஆட்டிசம் உள்ள பையன் மாரத்தான் ஓட வேண்டியிருந்தது. எதிலும் பரிசு வாங்காத பிள்ளைக்கு எந்த டைரக்டர் கால்ஷீட் கொடுப்பார்?

சும்மா சொல்லக்கூடாது, ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்று சொல்ல வாயெடுத்த எத்தனையோ அப்பாக்களை அந்தப் படம் யோசிக்க வைத்தது. ஐன்ஸ்டீனுக்கும் டிஸ்லெக்ஸியா என்று வாத்தியார் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

எனக்குப் படத்தில் முக்கியமாகப் படுவது வேறு. ஆமிர் கான் பையனை மணலில் எழுத வைக்கிறார், களிமண்ணில் எழுத்து பிடிக்கச் சொல்கிறார். கண், காது, கை எல்லாவற்றாலும் எழுத்தைப் பழக்கும் இந்த முறையை அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற அம்மையாரும் 1930-களிலேயே வகுத்துவிட்டார்கள். நிஜத்தில் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகிற வேலை. படத்தில் அது சில நிமிடம். போட்டிக்கோ எவ்வளவு நேரம்!

இன்னொன்று. படத்தில் குழப்புவது ஆங்கில ‘பி’யும் ‘டி’யும். நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. ல, ள, ழ இருக்கிறது. கல், பகல், தங்கம் என்று ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இதைக் காட்டும் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு பிரெயில் எதற்கு என்று யாராவது கேட்பார்களா? கண் நன்றாகத் தெரிந்து எழுத்து பிடிபடாவிட்டால் மட்டும் ‘கொழுப்பு’ என்கிறோம். சட்டமே தாமதமாகத்தான் விழித்தது. 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம் கிடைத்தது. மாடி வீட்டுப் பையனின் பள்ளியில் இதைச் சொன்னபோது, ‘‘மொதல்ல ஒழுங்கா எழுதச் சொல்லுங்க’’ என்றார்கள்.

கலர் பாக்ஸ் இப்போது பரண் மேல். வாரம் மூன்று நாள் ஒரு சிறப்பு ஆசிரியையிடம் போகிறான். தினம் ஒரு போர்டு படிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு.

போன ஞாயிறு அவனோடு சென்ட்ரலிலிருந்து ஆவடி லோக்கலில் திரும்பினேன். கொரட்டூர் வந்தது. பேர் மனப்பாடம்தான், ஆனால் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டுமே. ‘‘கெ...’’ என்று ஆரம்பித்தான், பக்கத்தில் துணைக்காலைப் பார்த்து நின்றான். ரயில் கிளம்பிவிட்டது. பட்டரவாக்கம் வரை பேச்சே இல்லை.

அப்புறம் கேட்டான்: ‘‘அங்கிள், அந்தக் கொம்பு முன்னாடி நிக்குது. ஆனா பின்னாடிதானே படிக்கணும்?’’

‘‘ஆமாம்டா’’ என்றேன்.